தையல் போட்ட இடம்

"பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்."

இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்கள் நம்முள் யார்? பாட்டி சொல்கிறாள். மாமியார் சொல்கிறாள். கணவன் வாயைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறான். மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டியபடியே சொல்கிறார். சில சமயம் பெரிய படிப்புப் படித்த டாக்டரும் சொல்லிவிடுகிறார். ஊரில் எல்லாரும் ஒரே குரலில் ஒப்புக்கொள்கிற ஒரு விஷயம் உண்டென்றால், அதில் யாரோ ஒருத்தர் ஏமாற்றப்படுகிறார் என்று சந்தேகிப்பது என் சுபாவம். இந்த விஷயத்தில் ஏமாற்றப்படுகிறவள் பிள்ளை பெற்ற பெண். கேட்பதற்கு ஆறுதல் மாதிரி இருக்கிறது இந்த வாக்கியம். செய்கிற காரியமோ வாயைப் பொத்துவது.

நான் எழுதப்போவது ஒரு வியாதியைப் பற்றி. சிசேரியன் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுத் தழும்பிலே, பல மாதமோ பல வருஷமோ கழித்து, ஒரு கட்டி கிளம்புகிறது. மாதவிடாய் வரும்போதெல்லாம் அது வீங்குகிறது. தொட்டால் உயிர் போகிறது. நாள் கழிந்ததும் அடங்குகிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்பது அதன் பெயர். "இதை எழுத டாக்டர்கள் இல்லையா? கதை எழுதுகிறவனுக்கு, அதிலும் ஓர் ஆண்பிள்ளைக்கு, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். டாக்டர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்; டாக்டர்கள் படிக்கிற பத்திரிகைகளில், டாக்டர்களுக்குப் புரிகிற பாஷையில் எழுதுகிறார்கள். அந்தப் பத்திரிகை எந்தப் பெண்ணின் சமையலறை அலமாரிக்கும் வந்து சேர்வதில்லை. நீங்கள் படிக்கிற பத்திரிகை வந்து சேர்கிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கோயமுத்தூரை வைத்தே பேசுவோம். எங்கள் ஊருக்கு மில்லால் ஒரு பெருமை இருந்தது. இப்போது ஆஸ்பத்திரியால் ஒரு பெருமை. கேரளத்திலிருந்தும் கொங்கு நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தும் வைத்தியத்துக்காக ஜனங்கள் இங்கே வருகிறார்கள். பொள்ளாச்சி, பாலக்காடு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் கால் வைக்கிற வாசல் உக்கடம். ஒரு பக்கம் பெரியகுளம், இன்னொரு பக்கம் மீன் மார்க்கெட், தலைக்கு மேலே 2024இல் திறந்த மேம்பாலம். காலை வேளையில் அந்த பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஸ்கேன் படம் வைத்த பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குகிற பெண்களை எண்ணி முடியாது. மேலே பாலம் கட்டத் தெரிந்த ஊர், கீழே நடக்கிற இந்தப் பெண்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாமல் இருக்கிறது. அது என்ன கேள்வி என்று சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெண். ஒரு சின்ன தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உக்கடத்தில் இறங்கித்தான் வேலைக்கு நடக்கிறாள். என் மனைவியிடம் சொன்னதை, பேரும் ஊரும் இல்லாமல் எழுதிக்கொள்ளலாம் என்று அவளே அனுமதி கொடுத்தாள். முதல் பிள்ளை சிசேரியன். ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு தழும்பின் இடது ஓரத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி.

முதலில் பார்த்த டாக்டர், "உள்தையல் நூல் முடிச்சு, தானே கரைந்துவிடும்" என்றார். இரண்டாமவர், "சீழ் கட்டியிருக்கும்" என்று ஏழு நாளைக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை முடிவதற்கும் வலி அடங்குவதற்கும் சரியாக இருந்தது. மருந்து கேட்டுவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் வலி வந்தது. மூன்றாமவர் குடலிறக்கம் என்றார். நான்காமவர் கொழுப்புக் கட்டி என்றார். மாமியாரோ, "எம்பட காலத்துல எட்டுப் பெத்தம், இப்படியா மொனகிக்கிட்டுக் கெடந்தம்?" என்றாள். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

கடைசியில் ஒரு இளம் பெண் டாக்டர் அவளைப் படுக்க வைத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த வலி எந்தெந்தத் தேதியிலே வருதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுதி வெக்கலீங்க டாக்டர். ஆனா, பள்ளிக்கூடத்து லீவு நோட்டுல இருக்குமுங்க."

இருந்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள், ஏறக்குறைய இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை, நாலு வருஷமும் இருந்தது. தலைமையாசிரியை அந்த லீவுகளைச் சோம்பேறித்தனம் என்று கணக்கு வைத்திருந்தாள். நாலு டாக்டர்கள் கண்டுபிடிக்காத வியாதியை அந்தப் பள்ளிக்கூடத்து லீவு நோட்டு மாதா மாதம் குறித்துக்கொண்டே வந்திருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

இனி வியாதியின் விவரத்தைச் சொல்லுகிறேன். மருத்துவ வார்த்தைகளைக் கண்டு பயப்பட வேண்டாம், விஷயம் சுலபமானது. கருப்பையின் உள்ளே ஒரு மெல்லிய படலம் உண்டு. சூலகத்திலிருந்து வருகிற ஹார்மோனின் கட்டளைப்படி அது மாதம் தோறும் தடிக்கிறது. கரு தங்காவிட்டால் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே எங்கேயாவது முளைத்து வளர்ந்தால் அதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பெரும்பாலும் அடிவயிற்றுக்குள்ளே சூலகத்தின் மேலும் அதைச் சுற்றியும் வளரும்.

சிசேரியனில் நடப்பது வேறு. குழந்தையை எடுக்கக் கருப்பையைத் திறக்கிறார்கள். அப்போது அந்தப் படலத்தின் அணுக்கள் சில, வெட்டுப்பட்ட வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. தையல் போட்டு மூடிய பிறகு அவை அங்கேயே வேர் பிடிக்கின்றன என்பதுதான் பெரும்பாலான டாக்டர்கள் ஒப்புகிற விளக்கம். இடம் மாறினாலும் பழக்கம் மாறுவதில்லை. மாதம் ஒரு முறை ஹார்மோனின் கட்டளை வருகிறது. அந்த அணுக்களும் தடிக்கின்றன, கசிகின்றன. கருப்பைக்கு வாசல் இருக்கிறது. தழும்புக்கு ஏது வாசல்? உள்ளேயே தேங்கி, வீங்கி, சுற்றியுள்ள சதையை இறுக்குகிறது. சிலருக்குத் தோல் கருநீலமாகிறது. அபூர்வமாகச் சிலருக்குத் தழும்பிலிருந்தே இரத்தம் கசிகிறது. சாதாரணப் பிரசவத்தில் கீறித் தைத்த இடத்திலும் இது வரலாம். கருப்பையை எடுத்த ஆபரேஷனின் தழும்பிலும், கருத்தடை ஆபரேஷனின் தழும்பிலுங்கூட வந்திருக்கிறது.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த புது வியாதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வியன்னாவில் ரோக்கிடான்ஸ்கி என்ற மருத்துவ மேதை, கருப்பைப் படலம் இடம் மாறி வளர்வதை 1860இலேயே எழுதினார். சிசேரியனுக்கு இன்று பெரும்பாலும் போடுகிற குறுக்குக் கீறலை ஜெர்மன் டாக்டர் ஃபானன்ஸ்டீல் 1900இல் விவரித்தார். மூன்றே வருஷத்தில், 1903இல், அதே ஜெர்மனியில் ராபர்ட் மேயர் என்பவர் ஆபரேஷன் தழும்பில் வளர்ந்த இந்தத் திசுவைப் பற்றி எழுதிவிட்டார். அமெரிக்காவின் ஜான் ஸாம்ப்ஸன் 1920களில் இந்த வியாதிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரையே நிலைநாட்டினார். நூற்றிருபது வருஷத்துக்கு மேலாக அச்சில் இருக்கிற விஷயம்! ஆனால் பிரசவித்துப் பத்து நாள் படுத்திருந்து எழுந்து போகிற எத்தனை பெண்களிடம் இதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்?

"அதெல்லாம் ஆயிரத்தில் ஒன்றுக்கு வருகிற வியாதி, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று ஒரு கட்சி உண்டு. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிசேரியன் ஆன பெண்களில் பத்தாயிரத்துக்கு 3 பேர் முதல் 40 பேர் வரை இது வருவதாக மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் வருஷத்துக்குச் சுமார் எட்டு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆக, வருஷத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம் தாய்மார்களின் வயிற்றில் புதிதாகத் தையல் விழுகிறது. அந்த ஏடுகளின் கணக்கை இங்கே பொருத்தினால் ஒவ்வொரு வருஷமும் நூறு பேரிலிருந்து ஆயிரத்து நானூறு பேர் வரை வருகிறது. பத்து வருஷத்துக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். இதுவும் ஆஸ்பத்திரிக்கு வந்து, சரியான பெயரோடு பதிவானவர்களை வைத்துப் போட்ட கணக்கு. நூல் முடிச்சென்றும் கொழுப்புக் கட்டியென்றும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கில் சேர்வார்கள்? கேட்காமலே இருந்துவிட்டு, "அபூர்வம்" என்று சொல்வது கண்ணை மூடிக்கொண்டு ஊர் இருட்டென்பதுதான்.

இன்னொரு கட்சியும் வரும். "சிசேரியன் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! அதைப் பற்றி இப்படிப் பீதி கிளப்பலாமா?" என்பார்கள். கிளப்பவில்லை. அந்தக் கத்தி இல்லாத காலத்தில் குறுக்கே கிடந்த பிள்ளையோடு போன தாய்மார்களை நான் மறந்துவிடவில்லை. வேண்டிய இடத்தில் சிசேரியன் தெய்வம் மாதிரி. ஆனால் வேண்டிய இடம் எது? பிரசவங்களில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் நடப்பதற்கு நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் சொன்னது. ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, மேற்கொண்டு எத்தனை செய்தாலும் தாய் சேய் மரணம் குறைவதாகக் காணோம் என்று 2015இல் மறுபடி சொன்னது. இந்தியா முழுவதற்கும் சராசரி 21.5 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளிலே 36, தனியார் ஆஸ்பத்திரிகளிலே 63.8 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் மாநிலம் முழுமைக்கும் 34.1 ஆக இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் நம் பெண்களின் இடுப்பெலும்பா சுருங்கிவிட்டது?

ஒவ்வொரு கத்திக்கும் பின்னால் பேராசை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வழக்கு வருமோ, கூட்டம் சேர்ந்து ஆஸ்பத்திரியை உடைக்குமோ என்று டாக்டர்களும் பயப்படுகிறார்கள். வலி தாங்க முடியாது என்று பெண்களே கேட்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களோ இன்னும் ஒரு படி மேலே போய்ப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "இன்ன நட்சத்திரம், இன்ன லக்னம், இத்தனை மணிக்கு எடுத்துக் கொடுங்க டாக்டர்!" என்று நாள் குறித்துக் கத்தி வைக்கச் சொல்கிற சம்பிரதாயம் நம்மிடையே வளர்ந்திருக்கிறதா இல்லையா? பிறக்கிற பிள்ளையின் நிமிஷத்தைக் கூடச் சுத்தமாக எழுதி ஜாதகம் கணிக்கத் தெரிகிறது. அந்தப் பிள்ளையைக் கொடுத்த வயிறு எந்தத் தேதியில் வலிக்கிறது என்று மட்டும் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நட்சத்திரமும் வேண்டாம், லக்னமும் வேண்டாம். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டர் போதும்.

பெயரைப் பாருங்கள், சிசேரியன்! ஜூலியஸ் ஸீஸர் தாய் வயிற்றைக் கீறிப் பிறந்தான், அதனால் இந்தப் பெயர் என்றொரு கதை உலவுகிறது. நம்பத் தகுந்த கதையல்ல. அந்தக் காலத்தில் வயிற்றைக் கீறினால் தாய் பிழைப்பது அபூர்வம். ஸீஸரின் தாய் அவ்ரேலியாவோ மகன் பெரிய சேனாதிபதியாகிற வரையில் உயிரோடிருந்தாள். பொய்யானாலும் உலகத்துக்குப் பிடித்த கதை அதுதான். ஏனென்றால் அதில் பிள்ளை இருக்கிறான். "தாயும் சேயும் நலம்" என்று நாம் அனுப்புகிற செய்தியிலும் இதே கோளாறு. தாய் என்ற சொல் முதலில் வருகிறது. அத்தோடு அவள் கதை முடிந்தது. பிறகு யாரும் "தாய் நலமா?" என்று கேட்பதில்லை. சேய்க்கு எத்தனை கிலோ, சேய் யார் ஜாடை, சேய்க்கு என்ன பேர்! கட்டுச்சோறு கட்டி, சீர் வைத்து, வளையல் அடுக்கி அனுப்பினோமே ஒருத்தி, அவள் எங்கே? நம் தமிழ்க் கதைகளிலும் அப்படித்தான். பிரசவ அறைக்கு வெளியே கணவன் நடை போடுவான், குழந்தையின் அழுகுரல் கேட்கும், நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள், முற்றும். அந்த "முற்று"முக்குப் பிறகு நாலு வருஷம் கழித்து ஒருத்தி பாத்திரம் துலக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிகிறாளே, அதுவும் கதைதானே?

இப்போது அந்த ஒரு கேள்விக்கு வருகிறேன். டாக்டர் அதை ஏன் கேட்பதில்லை? பெண் ஏன் தானாகவே சொல்வதில்லை? கட்டியென்றால் அறுவை டாக்டரிடம் போகிறாள். மாதவிடாய் என்றால் பெண்கள் டாக்டரிடம் போகிறாள். இரண்டும் ஒரே வியாதியாக இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அறுவை டாக்டர் பெரும்பாலும் ஆண். அவர் முன்னால் "வீட்டுக்குத் தூரம்" என்ற சொல்லைக் கூடச் சொல்லக் கூச்சம். கூடவே மாமனாரோ மைத்துனனோ நிற்கிறான். அவருக்கும் பின்னால் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். ஆக அவள் வெட்கத்தால் சொல்வதில்லை, அவர் அவசரத்தால் கேட்பதில்லை. இந்த இரண்டு மௌனங்களுக்கு நடுவில் கட்டி வளர்கிறது. அம்மனின் மாதவிடாயை விழாவாகக் கொண்டாடுகிற காமாக்யா கோயிலைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். சொந்தப் பெண்டாட்டி தேதி சொன்னால் காதைப் பொத்திக்கொள்வோம். வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

படிப்பில்லாதவர்கள்தான் இப்படி அவதிப்படுகிறார்கள் என்று எண்ணி நம்மைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் புகழடைந்த பத்மா லட்சுமியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பணமும் படிப்பும் நியூயார்க் டாக்டர்களும் அருகில் இருந்த பெண். அவருடைய வியாதி தழும்பில் வந்ததல்ல. அடிவயிற்றுக்குள் வளர்ந்த எண்டோமெட்ரியோசிஸ். 13 வயதில் ஆரம்பித்த வலிக்கு 36ஆம் வயதில்தான் பெயர் கிடைத்தது. அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. 2009இல் தமக்குச் சிகிச்சை செய்த டாக்டர் டாமர் செச்கினோடு சேர்ந்து இந்த வியாதிக்கென்றே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். உலகத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, ஏதோ ஒரு வடிவத்தில் இந்த வியாதி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரான்ஸ் தேசத்தின் ஜனாதிபதியே 2022 ஜனவரியில் இதற்கொரு தேசியத் திட்டம் அறிவித்தார். நாமோ இன்னும் "வலி இருக்கத்தான் செய்யும்" என்று பாடிக்கொண்டிருக்கிறோம்.

தழும்பில் வருகிற இந்தக் கட்டியின் பெரிய விசேஷம், இதற்குத் தீர்வு இருக்கிறது என்பதுதான். என் கோபத்துக்கும் அதுவே காரணம். தீராத வியாதி என்றால் விதியை நொந்துகொள்ளலாம். இது அப்படியல்ல. சிசேரியன் தழும்பு, அதில் ஒரு கட்டி, மாதவிடாயோடு வந்து போகிற வலி என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் நல்ல டாக்டருக்கு உடனே சந்தேகம் தட்ட வேண்டும். ஸ்கேனில் பார்க்கலாம், வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாம். கட்டியைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல சதையும் சேர்த்து முழுவதும் அறுத்தெடுத்துவிட்டால் பெரும்பாலானோருக்கு அத்தோடு சரி. மிச்சம் வைத்தால் மறுபடி வளரும். ஹார்மோன் மாத்திரைகள் சாப்பிடுகிற வரையில் வலியைத் தணிக்கும், நிறுத்தினால் திரும்பலாம். புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். என்றாலும் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக்கூடாது. நாள் தள்ளத் தள்ளக் கட்டி ஆழமாகப் போகும். பிறகு வயிற்றுச் சுவரையே அகலமாக வெட்டி, வலை வைத்து அடைக்க வேண்டிவரும். நெல்லிக்காயாக இருக்கும்போது எடுக்க வேண்டியதை எலுமிச்சம் பழமாக வளர்த்துவிட்டு எடுப்பது யாருக்கு லாபம்?

அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம். தழும்பில் வருகிற கட்டியெல்லாம் இதுவாகிவிடாது. நூல் முடிச்சும் உண்டு, குடலிறக்கமும் உண்டு, கொழுப்புக் கட்டியும் உண்டு. மாதக் கணக்கு எல்லாருக்கும் அந்த டீச்சரின் லீவு நோட்டு மாதிரிச் சுத்தமாக அமையாது. சிலருக்கு வலி நாள் முழுக்க, மாதம் முழுக்க இருக்கும். நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. வைத்தியரிடம் போகிறவள் எதைச் சொல்ல வேண்டும், வைத்தியர் எதைக் கேட்க வேண்டும் என்பதோடு என் வேலை முடிந்தது.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. சிசேரியன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு காகிதம் கொடுக்கிறார்களே, அதில் ஒரு வரி தமிழில் சேர்க்கட்டும்: "தழும்பில் கட்டி தோன்றினாலோ, மாதவிடாய்ச் சமயத்தில் அந்த இடம் வலித்தாலோ, எத்தனை வருஷம் கழித்தானாலும் வந்து காட்டவும்." ஒரு வரிக்கு என்ன செலவு? பிறந்த குழந்தையை ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம், ஒன்றரை வயது என்று தடுப்பூசிக்கு வரவழைக்கிறோம். குழந்தை தானாகவா நடந்து வருகிறது? தாய்தான் தூக்கி வருகிறாள். ஐந்து தடவை நர்ஸுக்கு எதிரில் வந்து நிற்கிறவளிடம் ஒரு தடவை, "உனக்குத் தையல் போட்ட இடம் எப்படி இருக்கிறது, அம்மிணி?" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் உதவி தருகிற ராஜாங்கம் இது; 2021இலிருந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி ஆள் அனுப்புகிற ராஜாங்கம். அப்படி வாசலுக்கு வருகிறவர்கள் பட்டியலில் இந்த ஒரு கேள்வியும் இருக்கட்டும்.

டாக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். கருப்பையைத் தைத்த ஊசியாலேயே வயிற்றுச் சுவரைத் தைக்காதிருப்பதும், மூடுமுன் காயத்தை நன்றாகக் கழுவுவதும் உங்கள் புத்தகங்களே சொல்கிற யோசனைகள். அவை முழுக் காப்பு என்று யாரும் உறுதி கூற முடியாதுதான். ஆனாலும் செய்தால் நஷ்டமில்லை. பிள்ளை பெற்ற பெண் தழும்பில் கட்டியென்று வந்தால், கத்தியையோ பேனாவையோ எடுப்பதற்கு முன்னால் தேதியைக் கேளுங்கள். முதல் சிசேரியனுக்கு முன்னால் காரணத்தைச் சொல்லுங்கள். காரணத்தைக் கேட்கிற குடும்பத்தைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்றால் வழி விடுங்கள்.

கடைசியாக, இதைப் படித்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்களுக்கு. தமிழில் "தையல்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். துணியைத் தைப்பதும் தையல், பெண்ணும் தையல். அழகிய சொல். ஆனால் ஒரு தடவை தைத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேச்சே கூடாது என்று இரண்டு தையலுக்கும் சேர்த்து நாமாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். அந்தச் சட்டத்தை இன்றைக்கே மீறுங்கள். பால் கணக்கு எழுதுகிற அதே காலண்டரில் உங்கள் மனைவியோ, மகளோ, மருமகளோ வலிக்கிற நாளில் ஒரு புள்ளி வைக்கட்டும். வெட்கமாக இருந்தால் நீங்கள் வையுங்கள். மூன்று மாதம் போகட்டும். புள்ளிகள் வரிசையாக நின்றால், காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாமனாரை வீட்டில் விட்டுவிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை மேஜைமேல் விரித்து வைத்து, "இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள்" என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.